மாமியின் ஒன்பது பின்னேரங்கள்

என் மாமிக்குச் சாவைப் பற்றிப் பயமே கிடையாது. செத்த பிறகு வரும் ஒன்பது பின்னேரங்களைப் பற்றித்தான் பயம்.

அவர் பிறந்த மெக்சிகோவில் ஒருவரை அடக்கம் செய்த பிறகு ஒன்பது நாள் அந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள். ஒருவர் முன்னால் இருந்து சொல்ல வேண்டும், மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாளும் தவறக்கூடாது. அதுவும் அந்த ஊர் ஸ்பானிஷ் பாஷையிலேயே சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் போன ஆள் வழி தடுமாறாமல் போய்ச் சேருமாம். வால்தம்ஸ்டோவில், பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வீட்டில், இதையெல்லாம் தனக்கு யார் செய்யப்போகிறார்கள் என்பதுதான் மாமியின் ஒரே கவலை. பெற்ற பிள்ளைகள் இரண்டு பேருக்கும் செபம் பாதிக்கு மேல் வராது. கடைசியில் அந்தப் பொறுப்பு யார் தலையில் விழுந்தது என்று நினைக்கிறீர்கள்? என் தலையில்.

நான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரன். ஜெர்மனியில் சில வருடம் ஹோட்டல் சமையலறைகளில் பாத்திரம் கழுவிவிட்டு, லண்டனுக்கு வந்து பஸ் ஓட்டுகிறவன். என் பஸ்ஸில் தினமும் ஏறி, ஏறும்போதெல்லாம் குட்மோர்னிங் சொன்ன ஒரு நேர்ஸைக் காதலித்துக் கட்டினேன். இந்த ஊரில் பஸ் டிரைவருக்கு யாராவது குட்மோர்னிங் சொல்வார்களா? நான் அதிலேயே விழுந்துவிட்டேன். தகப்பன் இங்கிலாந்துக்காரர், கப்பல் மெக்கானிக், செத்துப்போனார். தாய், அதாவது இந்த மாமி, மெக்சிகோ என்று அவள் சொன்னபோது எனக்கு ஒன்றும் பெரிதாகப் படவில்லை. எங்கள் ஆட்களுக்குத்தான் தலை சுற்றியது. அப்டன் பார்க்கில் இருக்கிற என் அண்ணை டெலிபோனில் கேட்டார்: "மெக்சிகோவோ? அது எங்கை கிடக்குது, அமெரிக்காவுக்கு மேலையோ கீழையோ?"

"கீழை."

"அப்ப பரவாயில்லை. உறைப்புத் தின்னுற சனமாத்தான் இருக்கும்."

மாமி என்னோடு பேசியது ஆங்கிலம். அவருடைய ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் அரிது, என்னுடையதில் ஜெர்மன் கலப்பு. இரண்டு பேரும் கதைத்ததை அப்படியே எழுதினால் ஒருவருக்கும் விளங்காது. அதோடு, இத்தனை வருடத்தில் அவர் சொன்னதெல்லாம் என் தலைக்குள் யாழ்ப்பாணத் தமிழாகவே பதிந்துவிட்டது. ஆகவே இங்கே மாமி எங்கள் ஊர்ப் பேச்சில்தான் கதைப்பார். அவருடைய பிள்ளைகளும் அப்படியே. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் முதல் அவரைப் பார்க்கப் போன அன்று வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆள் என் நெஞ்சளவு உயரம்கூட இல்லை. ஆனால் அந்தப் பார்வையில் நான் சுருங்கிப்போனேன்.

"செபம் சொல்லுவியோ?"

"கோயிலுக்குப் போவன் மாமி."

"எந்தக் கோயில்?"

"முருகன் கோயில்."

"அவர் ஆர்?"

மயிலில் வருவார், கையில் வேல் இருக்கும், மலையில் இருப்பார் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். மாமி தலையை ஆட்டினார். "காணும். ஒருத்தரையும் நம்பாதவனுக்குத்தான் நான் பிள்ளையைக் குடுக்கமாட்டன். உள்ளுக்கு வா, சாப்பிடு." அவ்வளவுதான் கலியாணப் பேச்சுக்கால். எங்கள் பக்கத்தில் இதே விஷயத்துக்கு ஐந்து பேர் வந்து இரண்டு மாதம் இழுத்திருப்பார்கள்.

கலியாணம் முடிந்ததும் அவருடைய வீட்டிலேயே குடியேறினோம். லண்டன் வாடகை அப்படி. "வீட்டோடை மாப்பிள்ளை" என்று டிப்போவில் எங்கள் பெடியள் நக்கலடித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் மாமியின் சமையலை ஒரு கிழமை சாப்பிட்ட பிறகு அந்த நக்கலை நான் ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

முன்னறையில், குளிர்காயும் காஸ் அடுப்புக்கு மேல் இருந்த தட்டில்தான் மாமியின் பரலோகம். நடுவில் குவாதலூப்பே மாதா. பக்கத்தில் அந்தோனியார். பிளாஸ்டிக் ரோசாப்பூ, மெழுகுதிரி, மாமாவின் படம். ஏதாவது தொலைந்தால் மாமி அந்தோனியாரைத் தூக்கி முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்பார். தொலைந்த சாமான் கிடைக்கும்வரை அவருக்குத் தண்டனை. ஒருமுறை என் கார்த் திறப்பைக் காணவில்லை. அந்தோனியார் சுவரைப் பார்த்தபடி இரண்டு நாள் நின்றார். எனக்கே பாவமாகிவிட்டது. "மாமி, அந்த மனுசன் என்ன பிழை செய்தவர்? திருப்பி விடுங்கோ" என்றேன். "திறப்பைத் தரட்டும், திருப்பிறன்" என்றார். திறப்பு என் யூனிபோர்ம் ஜாக்கெட்டின் உட்பையிலேயே கிடந்தது. அந்தோனியாரைத் திருப்பி வைத்த மாமி, என்னையும் அவருக்கு முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தார். கேட்டேன். வேறு என்ன செய்ய?

தீர்த்தத்தை ஒரு பழைய ஷாம்பூ போத்தலில் வைத்திருப்பார். குளிர் நாளில் பொய்லர் நின்றால் முதலில் தீர்த்தம் தெளிப்பு, பிறகுதான் மெக்கானிக்குக்கு டெலிபோன். மெக்கானிக் வந்து சரிபண்ணிவிட்டுப் போனாலும் பேர் தீர்த்தத்துக்குத்தான். விடியற்காலை ஷிப்டுக்கு நான் வெளிக்கிடும்போது, எந்தக் குளிரிலும் எழும்பி வந்து என் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டு அனுப்புவார். நான் திருநீறு பூசியிருந்தால் அது அழியாமல் கொஞ்சம் மேலே தள்ளிப் போடுவார். வழுக்கை விழுந்த பிறகு அவருக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது.

உறைப்பு விஷயத்தில் எனக்கும் அவருக்கும் சண்டை. நாங்கள் உறைப்பில் பெரிய ஆட்கள் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு இருக்கிறதே, அதை மாமி ஒரே நாளில் உடைத்தார். அண்ணையும் அண்ணியும் விருந்துக்கு வந்திருந்தார்கள். அண்ணை தன் வீரத்தைக் காட்ட, மாமி அரைத்து வைத்த பச்சைச் சம்பலைப் பெரிய கரண்டியால் அள்ளிப் போட்டார். மாமி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். முதல் வாயிலேயே அண்ணையின் கண் சிவந்தது, மூக்கு ஓடியது. "எப்பிடி?" என்று மாமி கேட்க, "நல்லாயிருக்கு" என்று சொல்ல அண்ணை எடுத்த பாடு! அடுத்த வாரம் மாமி கிரீன் ஸ்ட்ரீட்டில் தமிழ்க் கடைக்குப் போய்ச் செத்தல் மிளகாய் வாங்கி வந்து, வறுத்து, வீடு முழுக்க இருமல். புகை அலாரம் அடித்து, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஓடி வந்தார். வறுத்ததில் ஒன்றைக் கடித்துப் பார்த்த மாமி, "இதைக் குழந்தைப்பிள்ளைக்கும் குடுக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னார். ஆனால் அதே கடையில் வாழையிலை கிடைப்பதைக் கண்டுபிடித்ததில் அவருக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. சோள மாவைப் பிசைந்து, உள்ளே இறைச்சி வைத்து, வாழையிலையில் பொதிந்து அவிப்பார். தமாலே என்று பெயர். எங்கள் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம் என்று வையுங்கள். கடைக்காரத் தம்பி, யாழ்ப்பாணத்து வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், மாமியின் கழுத்தில் கிடந்த சிலுவையையும் என் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அண்ணை, நீங்கள் சைவமோ வேதமோ?" என்று கேட்டான். "நான் டிரைவர்" என்றேன்.

இப்படிச் சிரிப்பும் சண்டையுமாகப் போன வீட்டில் அந்த ஒன்பது நாள் பேச்சு வந்தால் மட்டும் மாமியின் முகம் மாறிவிடும். காரணம் மாமா செத்தபோது நடந்தது. அது எனக்கு முந்திய காலம். அப்போது ஸ்பானிஷ் தெரிந்த சிநேகிதிகள் சிலர் மாமிக்கு இருந்தார்கள். முதல் இரண்டு நாள் வந்தார்கள். மூன்றாம் நாள் பனி கொட்டியது, ஒருவரும் வரவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது. மெக்சிகோவில் புருஷனை இழந்தவளை மூலையில் இருத்தி, மற்றவர்கள்தான் செபம் சொல்வார்களாம். இங்கே புருஷனை இழந்த மாமியே முன்னால் இருந்து சொல்லி, பதிலையும் தானே சொல்லி, தொண்டை கட்டி, ஐந்தாம் நாளோடு குரல் போய்விட்டது. மிச்ச நாள் வீடு சும்மா கிடந்தது. "அந்த மனுசன் அரைவழியிலை நிக்கிறாரோ ஆருக்குத் தெரியும்" என்று மாமி ஒருமுறை சொன்னார். "எனக்கு அதுவும் இல்லை. நான் செத்தால் இதுகள் பூவை வைச்சிட்டு வேலைக்குப் போயிடுங்கள்."

அவருடைய சிநேகிதிகளும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். மாமி கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். மகள் நேர்ஸ், ஷிப்ட் முடிந்து வந்தால் சோபாவிலேயே நித்திரை. மகன், என் மச்சான், நோர்பரியில் இருக்கிறார். கம்பியூட்டர் வேலை. கடவுள் இல்லை என்று சொல்லுவார். விமானம் மேலே கிளம்பும்போது மட்டும் சிலுவை போடுவார். மிஞ்சியது நான். காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வீட்டில் இருக்கிற ஒரே பிராணி.

ஒரு நாள் நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழும்பியபோது மாமி கதிரையை இழுத்துப் போட்டார்.

"இரு. செபமாலை சொல்ல ரெண்டு பேர் வேணும்."

"மாமி, நான் சைவம்."

"உனக்கு நாக்கு இருக்குதுதானே?"

"ஸ்பானிஷ் தெரியாது."

"சின்ன வயசிலை உங்கடை பாட்டெல்லாம் விளங்கியோ பாடினனி?"

பிடித்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை தோறும் தேவாரம் பாடியபோது எனக்கு ஒரு வரிக்காவது அர்த்தம் தெரிந்ததா? இராகத்தைப் பிடித்துக்கொண்டு போனேன், அவ்வளவுதான். இதுவும் அப்படித்தான் ஆயிற்று. மாமி அடுப்பில் அவரையைக் கொதிக்க விட்டு, சமையல் மேசையில் மணியை உருட்டிக்கொண்டு சொல்வார். நான் வெங்காயம் உரித்தபடி பதில் சொல்வேன். முதல் ஒரு மாதம் முணுமுணுப்பு. பிறகு பதில் வந்தது. பிறகு, தினமும் கேட்டுக் கேட்டு, மாமி சொல்லும் பகுதியும் எனக்குள்ளே போய்விட்டது. அவர் சோறு கிண்டப் போனால் நான் அவருடைய பகுதியைச் சொல்வேன், அவர் அடுப்படியில் இருந்து பதில் சொல்வார். ஸ்பானிஷில் எனக்குச் சாப்பாட்டுப் பெயர்களும் இரண்டு மூன்று திட்டும்தான் தெரியும், இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் செபமாலையை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்வேன். பஸ்ஸில் சிவப்பு லைட்டில் நிற்கும்போது வாய் தானாக அதைச் சொல்லும். சில நாள் அதற்குப் பதிலாகத் தேவாரம் வரும். நான் தடுப்பதில்லை.

பதிலுக்கு நான் மாமியைக் கோயில் தேருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெய்யிலில் ரோட்டோரம் நின்று, கையில் செபமாலையோடு தேரைப் பார்த்தார். மேளத்துக்குத் தலையாட்டினார். சாமிக்கு இரண்டு பக்கமும் நின்ற அம்மன்களைக் காட்டி, "இவையள் ஆர்?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரும் மனைவிமார், மாமி."

"ரெண்டோ?" மாமியின் குரல் மேளத்தையும் தாண்டிக் கேட்டது. "ரெண்டு பேரும் ஒரே வண்டியிலையோ? சண்டை பிடிக்கிறேல்லையோ?"

"இல்லை மாமி."

"ரெண்டு கட்டினவரைத் தூக்கிக்கொண்டு திரியிறியள்! என்ரை மனுசன் உயிரோடை இருந்திருந்தால் நான் அவரை இஞ்சை கூட்டிக்கொண்டே வந்திருக்கமாட்டன்." சொல்லிவிட்டு, அருச்சனைத் தட்டில் தேங்காய் வைத்து அவரும் கொடுத்தார். பஞ்சாமிர்தத்தை மட்டும் மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

போன மாரியில் மாமி படுத்தார். நோய் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, வயது போய்விட்டது. என் மனைவி லீவு போட்டுப் பார்த்துக்கொண்டாள். பின்னேரச் செபத்தை அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் மாற்றினோம்; இரவெல்லாம் விழித்திருப்பவள் அந்த நேரம்தான் அடுத்த அறையில் நித்திரை கொள்வாள். ஒரு நாள் செபம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்பது நாளும். ஒண்டும் விடாமல். இந்த வீட்டிலை."

"அதுக்கு இப்ப என்ன அவசரம் மாமி?"

"சத்தியம் பண்ணு."

"பண்ணுறன். ஆனா எனக்கு அர்த்தம் தெரியாது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. பிழையாச் சொன்னால்?"

"நான் சொன்ன மாதிரியே சொல்லு. காணும்." அதைச் சொல்லும்போது அவருக்கு ஏனோ சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, நான் தண்ணி எடுத்து வந்தேன். பிறகு நான்கைந்து நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தேத்தண்ணி கேட்டுவிட்டு அது வருவதற்குள் போய்விட்டார். நான் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று அழுதேன். என் தாய் செத்தபோது நான் ஜெர்மனியில் இருந்தேன், போக முடியவில்லை. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அன்றைக்கு அழுதேன்.

அடக்கம் முடிந்த அன்று பின்னேரம் முன்னறை நிறைந்துவிட்டது. தேவாலயத்துப் பெண்கள் வந்திருந்தார்கள்: ஒருவர் கோவா, ஒருவர் நைஜீரியா, இரண்டு பேர் அயர்லாந்து. ஒருவருக்கும் ஸ்பானிஷ் தெரியாது. அண்ணையும் அண்ணியும் வடையோடு வந்தார்கள். பாதர் ஆங்கிலத்தில் சொல்லித்தர ஆயத்தம் என்றார். மாமி தன் பாஷையில்தான் வேண்டும் என்று சொன்னவர் என்று என் மனைவி மறுத்தாள். தானே சொல்கிறேன் என்று போனில் எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. திரும்பத் தொடங்கினாள், திரும்ப உடைந்தது. பெற்ற தாய் அல்லவா.

"ஏன் கஷ்டப்படுவான்? பதிவு இருக்கும், போட்டு விடுவம்" என்று மச்சான் தன் போனை எடுத்து மாதாவுக்கு முன்னால் வைத்தார். யாரோ ஓர் ஆம்பிளை கடகடவென்று ஸ்பானிஷில் செபித்தார். நாங்கள் தலைகுனிந்து நின்றோம். நடுவில் திடீரென்று சங்கீதம் அடித்து, மெத்தை பாதி விலைக்கு என்று ஒரு பெண் சந்தோஷமாகக் கத்தினாள்.

எனக்கு வந்ததே கோபம்! போனை எடுத்து மச்சானின் கையில் திணித்தேன். "நிப்பாட்டுங்கோ. அவ என்னட்டைத்தான் சத்தியம் வாங்கினவ. நான் சொல்லுறன்."

"நீங்களோ?" என்றார் மச்சான்.

மாமியின் கதிரையில் இருந்தேன். மணியைப் பிடித்தேன். தொடங்கினதும் தொண்டை தானாக வழிக்கு வந்தது. மாமி எந்த இடத்தில் இழுப்பாரோ அந்த இடத்தில் இழுத்தேன், எங்கே மூச்சு வாங்குவாரோ அங்கே வாங்கினேன். மச்சானின் வாய் திறந்தது மூடவில்லை. என் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தேவாலயத்துப் பெண்கள் தங்கள் தங்கள் பாஷையில் பதில் சொன்னார்கள். செபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து பகுதி; அதில் முதல் பத்து முடிந்தது. அந்த முடிவில் மாமி எப்போதும் மாதாவின் தட்டு இருக்கிற பக்கம் திரும்பி, அதே இராகத்தில் ஒரு சின்ன வரி சொல்வார். அதை நானும் பக்தியோடு திருப்பிச் சொல்வேன். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த வரி அதுதான். அதையும் விடாமல் சொன்னேன்.

மச்சானிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. விக்கல் போல. என் மனைவி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் பாவம் என்று நினைத்து, நான் இன்னும் உருக்கமாகச் சொன்னேன். இரண்டாவது பத்தின் முடிவில் அந்த வரி வந்ததும் மச்சான் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதில் என் மனைவியிடமிருந்து வெளிப்படையாகவே சிரிப்பு வெடித்தது. கண்ணிலிருந்து தண்ணியும் ஓடியது. என்ன சனமப்பா இது, தாய் செத்த வீட்டில் சிரிக்குதுகளே என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஐந்தையும் முடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

"என்ன பகிடி இது?" என்று குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"அந்த வரி" என்றாள் என் மனைவி. "பத்து முடிய ஒண்டு சொன்னியளே. அது என்ன எண்டு தெரியுமோ?"

"மாதாவுக்குச் சொல்லுறது."

"மாதாவுக்கு இல்லை. அப்பான்ரை படத்துக்கு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "கிழவா, அங்கையே நில், நான் வாறன். அதுக்குள்ளை வேறை ஒருத்தியையும் பாத்துப் பல்லிளிக்காதை. அதுதான் நீங்கள் சொன்னது."

நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். எத்தனை வருடம்! ஒவ்வொரு நாளும் ஐந்து தரம்! மீசை வைத்த மனுசன் நான், கையில் வெங்காயத்தோடு, நான் காணாத ஒரு வெள்ளைக்கார மாமாவைப் பார்த்து, நில் கிழவா, நான் வாறன் என்று உருகியிருக்கிறேன். முதல் தரம் அந்த வரியை நான் திருப்பிச் சொன்ன நாள் ஞாபகம் வந்தது. மாமி ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பி, நெடுநேரம் நின்றார். என் பக்தியில் கரைந்துவிட்டார் என்றல்லவா நினைத்தேன்! மனுசி ஒரு நாளாவது திருத்தினாரா? இல்லை. கடைசிவரை என்னைப் பேய்க்காட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மச்சான் மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தார். "அப்பா செத்த பிறகு அம்மா அவரைப் பற்றி எங்களோடை ஒரு சொல் கதைக்கேல்லை" என்றார். "அப்பா போற வாற இடமெல்லாம் பொம்பிளையளோடை சிரிச்சுக் கதைக்கிற ஆள். அம்மாவுக்கு அவரிலை வெறுப்பு எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சன்." பிறகு அவர் சிங்கைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கப்புகளைக் கழுவத் தொடங்கினார். ஏற்கெனவே கழுவி வைத்த கப்புகள்.

அடுத்த நாள் அந்த வரியை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். செபத்துக்கு நடுவில் பல்லிளிக்காதை என்றால் மாதா என்ன நினைப்பார்? முதல் பத்து முடிந்தது, நேரே இரண்டாவதுக்குப் போனேன். மச்சான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினார்.

"அத்தான், ஒரு வரி விட்டுப்போட்டியள்."

சொன்னேன். அவரும் என் மனைவியும் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள். அதன் பிறகு மச்சான் ஒரு நாளும் தவறவில்லை. வேலை முடிந்ததும் கழுத்தில் கம்பெனி அட்டையோடு நேரே ஓடி வருவார். பனி பெய்த அன்றும் வந்தார். அந்த வரியைச் சனம் எல்லாம் பாடமாக்கிவிட்டது. கோவா அம்மா கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்துச் சொல்வார். அண்ணைகூடச் சொன்னார். அர்த்தம் கேட்டார், பிறகு சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் என் மனைவி வாழையிலையில் தமாலே பொதிந்து அவித்தாள், அண்ணி பாயாசம் கொண்டுவந்தார். நாற்காலி போதாமல் ஆட்கள் படியிலும் இருந்தார்கள். நான்கு பத்துச் சொல்லி முடித்தபோது மச்சான் எழும்பி வந்து என் முன்னால் நின்று கையை நீட்டினார்.

"கடைசிப் பத்தை நான் சொல்லுறன் அத்தான்."

மணியைக் கொடுத்தேன், கதிரையையும் விட்டேன். போனும் இல்லை, தாளும் இல்லை. ஒன்பது நாளில் என்னைக் கேட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறார். என் யாழ்ப்பாணத்து இழுவைகூட அப்படியே அவர் வாயில் வந்தது. ஓரிடத்திலும் தட்டவில்லை. பத்தும் முடிந்து அந்த வரிக்கு வந்ததும் நின்றார். நாங்கள் எல்லோரும் திருப்பிச் சொல்ல ஆயத்தமாக வாயைத் திறந்தோம். ஆனால் அவர் சொன்னது வேறு வரி. என் மனைவி என் கையைப் பிடித்து, காதுக்குள் அர்த்தம் சொன்னாள்.

"அப்பா, அவ வந்திட்டா. இனி ஒழுங்கா இருங்கோ."

என் மனைவிதான் முதலில் ஆமென் சொன்னாள். பிறகு நாங்கள் எல்லோரும் சொன்னோம்.